சின்ன கேலரில சிற்பக் கண்காட்சி வைக்கப் போறீங்களா, மொதல்ல எடைய பாருங்க

ஓவியம்னா செவுத்துல ஆணி அடிச்சு மாட்டுனா பாதி வேலை முடிஞ்சிரும். சிற்பம் அப்படி இல்ல. ஒரு கன அடி கருங்கல் கிட்டத்தட்ட 75 கிலோ, அதே அளவு வெண்கலம்னா 240 கிலோவுக்கு மேல போகும், அதனால கலைஞர்கிட்ட போட்டோ கேக்குறதுக்கு முன்னாடி உயரம், அகலம், எடை மூணயும் கேட்டு வாங்கிருங்க, அப்புறம் டேப் எடுத்து வாசக்கதவையும் படியையும் அளங்க. மாடில ஹால் இருந்தா பெரிய கல்லு வேணவே வேணாம். கனமான பீஸுக்கு சங்கிலி பிளாக்கும் (பாரம் தூக்குற சங்கிலிக் கப்பி) கல்லு தூக்கிப் பழகுன ஆளும் வேணும், மகாபலிபுரம் பட்டறைல வேலை செய்யுறவங்க கெடச்சா ரொம்ப நல்லது, எங்க கயிறு போடணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது எத்தன பீஸ் வைக்கிறதுங்கறது. இங்கதான் நெறைய பேர் ஆசைப்பட்டு ஹால ரொப்பிடுறாங்க. மெரினால உழைப்பாளர் சிலைய ஒரு தடவ முழுசா சுத்தி வந்து பாருங்க, சிற்பி தேவி பிரசாத் ராய் சவுத்ரி செஞ்சது, 1959ல வச்சாங்க. முன்னால நின்னா பாறை தெரியுது, பக்கத்துக்கு வந்தா தள்ளுற கை, பின்னால போனாதான் அந்த முதுகும் மண்ணுல ஊனுன காலும் எவ்ளோ பாரம் தாங்குதுன்னு புரியும். உங்க ஹால்ல இருக்குற ஒரு அடி சிலைக்கும் அதே மரியாத குடுக்கணும். சுத்தி மூணு அடியாவது விடுங்க, வீல்சேர் நேரா போக அது போதும், திரும்புறதுக்கு அஞ்சு அடி வேணும். இருபது வைக்கிற எடத்துல எட்டு வைங்க, பரவால்ல.

ஆனா எல்லாத்துக்கும் இது பொருந்தாது. ஜானகிராம், நந்தகோபால் இவங்கல்லாம் செம்பு, பித்தளைத் தகட தட்டி, பத்தவச்சு ஒட்டி செஞ்ச மெட்ராஸ் பாணி உலோகச் சிற்பங்கள் பெரும்பாலும் நேருக்கு நேரா நின்னு பாக்குற மாதிரி, அந்த வகைய செவுத்துக்கு முன்னாடி கொஞ்சம் எடம் விட்டு வைக்கலாம். சென்னை ஈஞ்சம்பாக்கத்துல இருக்குற சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு போனா உள்ள உலோகம், வெளிய மரத்தடில கல்லுன்னு ரெண்டுமே பாக்கலாம். 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் கூட இருந்த கலைஞர்களும் பாட்டிக் (மெழுகு வச்சு சாயம் போடுற துணி) மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்த காசுல நெலம் வாங்கி உண்டாக்குன எடம் அது, சின்னதா கேலரி நடத்துறவங்க எல்லாரும் ஒரு நாளாவது அங்க போய் சுத்திப் பாக்கணும்.

பீடத்துக்கு பிளைவுட் பெட்டி போதும், உள்ள மணல் மூட்ட போட்டு கனமாக்குங்க, இல்லன்னா கொழந்த கை பட்டாலே ஆடும். சின்ன சிலைன்னா மூணரை அடி உயரம், பெரிசுன்னா அரை அடி தூக்குனா போதும்.

லைட்டுதான் உயிரே. டியூப்லைட் மட்டும் போட்டா உருவம் தட்டையா போயிரும். ஒரு ஸ்பாட்லைட்ட பக்கவாட்டுல சாய்ச்சுப் போட்டுப் பாருங்க, கருங்கல்லுல உளி எறங்குன ஒவ்வொரு கோடும் தனித்தனியா நிழலோட எழுந்து நிக்கும்.

லேபிள்ல பேரு, வருஷம், என்ன பொருள்ல செஞ்சது, எப்படி செஞ்சதுன்னு எழுதுங்க. சுவாமிமலை வெண்கலம்னா பக்கத்துல ஒரு மெழுகு உருவத்தயும் வைங்க. மெழுகு மேல காவிரி வண்டல் மண்ணப் பூசி, சூடாக்கி மெழுக உருக்கி எடுத்துட்டு உலோகத்த ஊத்துறாங்க, அப்புறம் அச்ச ஒடைச்சுத்தான் சிலைய வெளிய எடுக்கணும்னு தெரிஞ்சா வெலைய பத்தி யாரும் பேரம் பேச மாட்டாங்க.

தொடக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் போர்டு மாட்டாதீங்க. பார்வையில்லாதவங்க வந்தா கையாலதான் பாக்கணும், கலைஞர்கிட்ட கேட்டு ரெண்டு கல் சிற்பத்தயாவது தொட்டுப் பாக்க ஒதுக்குங்க. உலோகத்துல வேர்வை கறையாகும், அதுக்கு மட்டும் தடை போடுங்க. கடற்கரை பக்கம்னா உப்புக்காத்துல இரும்பு சீக்கிரமே துரு ஏறும், மெல்லிசா மெழுகு பூசிக்கலாமான்னு கலைஞர்கிட்ட கேளுங்க, ஆனா பித்தளை பாலிஷ் போட்டு பழைய வெண்கலத்த பளபளன்னு தேய்ச்சுராதீங்க, அந்த நெறம் அவங்க வேணும்னே கொண்டு வந்ததா இருக்கும்.

பீஸ் வந்து எறங்குனதும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஏற்கனவே இருக்குற கீறல், விரிசல எழுதி நீங்களும் கலைஞரும் கையெழுத்து போட்டுக்கங்க. கண்காட்சி முடிஞ்சு திருப்பி ஏத்துறப்ப அதே பேப்பர வச்சு மறுபடி சரிபாத்துட்டு வண்டிய அனுப்புங்க.