கேபி எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: டெல்டாவில் விண்வெளி வானிலை

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் கேபி எண் இன்று 2. சூரியப் புயல் எதுவும் இல்லை. ஆனாலும் இன்று இரவு எட்டு மணிக்கு நாகையிலிருந்து கிளம்பிய விசைப்படகின் ஜிபிஎஸ், செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாகக் கைவிடலாம்.

கேபியைக் கணிக்கப் பயன்படும் 13 காந்த நிலையங்களும் நடு அட்சரேகையை ஒட்டியவை. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. நமக்கோ காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு) தெற்கே திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. பொழுது சாய்ந்ததும் இங்கே அயனிமண்டலம் (மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டம் கொண்ட அடுக்கு) மேலே தூக்கப்படும். அதன் அடிப்பகுதியில் எலக்ட்ரான்கள் வேகமாகக் குறைய, அங்கிருந்து அடர்த்தி குறைந்த குமிழ்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறும். அவற்றின் ஊடே வரும் ஜிபிஎஸ் சிக்னல் வலுவில் ஏறி இறங்கி மினுமினுக்கும். இரவு 7 மணி சுமாருக்குத் தொடங்கி நள்ளிரவு வரை நீடிக்கும் இது, சூரியச் சுழற்சி உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில், மார்ச்–ஏப்ரலிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் அதிகம். பின்னது குறுவை அறுவடையும் சம்பா நடவும் நடக்கும் நேரம். கேபியை ஏற்றிவிடும் காந்தப் புயல் சில இரவுகளில் இந்தக் குமிழ்களை அடக்கியும் விடும். கேபி 7 என்றாலே அன்று கெட்டது என்று முடிவுகட்ட முடியாது.

வாய்க்கால் மட்டம் எடுப்பவர்களுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும் ஆர்டிகே ஜிபிஎஸ் கருவியில் 'ஃபிக்ஸ்' (துல்லிய நிலை) போய் 'ஃப்ளோட்' (தோராய நிலை) வந்ததும், ஓரிடத்தில் நிற்கும் பேஸ் கருவியை, கையில் கொண்டுபோகும் ரோவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். தூரம் குறைந்தால் அயனிமண்டலத் தாமதம் கழிந்துபோகும், சரிதான். ஆனால் மினுமினுப்பில் சிக்னலின் பிடியே அறுந்துவிடுகிறது. பிறகு எதைக் கழிப்பது? எல்1, எல்5 என்ற இரண்டு ஜிபிஎஸ் அலைவரிசைகளையும் வாங்கும் கருவியும் தாமதத்துக்குத்தான் மருந்து. மினுமினுப்பு, தாழ்ந்த அலைவரிசையான எல்5-ஐத்தான் (1176.45 மெகாஹெர்ட்ஸ்) இன்னும் கடுமையாக அடிக்கும்.

மட்ட வேலையை மாலை 6 மணிக்குள் முடியுங்கள். முடியாதபோது தொடக்கத்திலும் முடிவிலும் உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க்கைத் தொடுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் அரை மணி விட்டு மறுபடி எடுங்கள். உயரம் 3 செ.மீ.க்கு மேல் மாறினால் இடையில் எடுத்த அத்தனையையும் தூக்கிப் போடுங்கள். மூலப் பதிவைச் சேமித்திருந்தால் வீட்டில் வைத்துக் கணித்துப் பார்க்கலாம். சரிவு மிகக் குறைந்த டெல்டா நிலத்தில் 10 செ.மீ. பிழை தண்ணீரை எதிர்ப்பக்கம் ஓடவிடும். (வயலைச் சமப்படுத்தும் லேசர் லெவலருக்கு இந்தத் தொல்லை இல்லை.)

படகில், திரையில் குறி நகர்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். சிக்னல் அறுந்த பின்னும் சில கருவிகள் பழைய வேகத்தையும் திசையையும் வைத்துச் சற்று நேரம் இடத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து சிக்னல் பட்டைகளைப் பாருங்கள். ஒரே சமயத்தில் பல பட்டைகள் ஏறி இறங்கினால் காம்பஸுக்கு மாறுங்கள். கோடியக்கரைக்குத் தென்கிழக்கே எல்லைக் கோட்டை உரசிக்கொண்டு போவது அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

எச்சரிக்கைகளைப் படிக்கும்போது நேரத்தில் சறுக்குவார்கள். கேபி, உலக நேரப்படி மூன்று மணித் துண்டுகளாக வரும். 12–15 என்றால் நமக்கு மாலை 5.30 முதல் 8.30. ஃபிளேர் எனப்படும் சூரியச் சுடரின் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் வந்துவிடும், ஆனால் பகலில் இருக்கும் பாதி உலகத்தின் சிற்றலை வானொலியைத்தான் முடக்கும். படகின் விஎச்எஃப் 16-ஆம் சேனல் அதில் சிக்காது. சிஎம்இ எனப்படும் பிளாஸ்மா வீச்சு வர 15 மணி நேரத்திலிருந்து சில நாள் ஆகும். சூரியனைக் கவனிக்கும் நம் விண்கலமான ஆதித்யா-எல்1 நிற்கும் 15 லட்சம் கி.மீ. தொலைவை அது தாண்டிவிட்டால் மிஞ்சும் அவகாசம் 15 முதல் 60 நிமிடம். அங்கே வேகத்தை மட்டும் பார்க்காமல் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். வடக்கு நோக்கி இருந்தால் வேகமான வீச்சுகூடப் பெரும்பாலும் அடங்கிப்போகும்.

எல்லாப் பழியையும் சூரியன்மேல் போடுவதும் தவறுதான். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கை இருட்டாக்கியது காந்தப் புயல்தான். ஆனால் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தால் முதலில் பம்ப்செட் லோடைப் பாருங்கள். மழையில் டிடிஎச் போவது மழையால். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் நண்பகலை ஒட்டிச் சில நிமிடம் படம் போனால், செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்திருக்கிறது என்று பொருள். டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், தானே வந்துவிடும்.