குடித்துவிட்டு வந்ததாகச் சொல்லி வேலையை விட்டு நீக்கினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாயில் வாடை அடிக்கிறது என்று கேட்டிலேயே நிறுத்தி, அன்றே மெமோ கொடுத்து, சில வாரங்களில் பணிநீக்கம் செய்துவிடுகிறார்கள். வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால், அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடந்ததைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள்.

வாடையை மட்டும் நம்புவது நிர்வாகம் செய்யும் பெரிய தவறு. வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு ஆகியவற்றை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ரத்தமோ சிறுநீரோ சோதித்திருக்க வேண்டும் என்று பச்சுபாய் ஹசனலி கர்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. அது குற்றவியல் வழக்கு. நிறுவனமே நடத்தும் உள்விசாரணைக்கு அவ்வளவு கறாரான ஆதாரம் தேவையில்லை. ஆனாலும் சோதனையே செய்யாத வழக்கு பலவீனமானதுதான். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் நடை தள்ளாடும், நாக்கு குழறும். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். அப்படிப்பட்டவரை மருத்துவரிடம் காட்டாமல் வெளியே அனுப்புவது உயிருக்கே ஆபத்து.

குடிக்காத தொழிலாளி கோபத்தில் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சோதனைக்கு அனுப்புங்கள் என்று அப்போதே எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, கேட்க வேண்டும். அரசு மருத்துவமனையில் காட்டி ஓ.பி. சீட்டு வாங்கி வைப்பதும் நல்லது. மது ரத்தத்தில் மணிக்கு மணி குறைந்துவிடும் என்பதால் மறுநாள் போய்ப் பயனில்லை.

அப்புறம் கையெழுத்து. "மன்னிப்புக் கடிதம் கொடு, விட்டுவிடுகிறோம்" என்பார்கள். விசாரணையில் அதுவே ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும். ராஜினாமா எழுதிக் கொடுப்பது இன்னும் மோசம். நாங்கள் நீக்கவே இல்லை, அவராகப் போனார் என்று வாதிட அது வழிவிடும்.

விசாரணைக்குப் போகாமல் இருந்தால் ஒருதலையாக முடித்துவிடுவார்கள். நிலையாணைகள் (வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கையும் பற்றிய விதிகள்) பொருந்தும் நிறுவனத்தில் இடைநீக்கக் காலத்துக்குப் பிழைப்பூதியம் (பிழைப்புக்காகத் தரும் தொகை) உண்டு: முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல், தாமதத்துக்குத் தொழிலாளி காரணமில்லை என்றால் 75 சதவீதம். இதைக் கேட்டு வாங்குங்கள்.

குற்றம் நிரூபணமானாலும், கிரேன் ஓட்டுபவருக்கும் பேக்கிங் பிரிவில் முதல்முறை சிக்கியவருக்கும் ஒரே தண்டனை கொடுப்பது நியாயமில்லை. தண்டனை அதிகம் என்று கருதினால் அதைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

வேலை போனால் கிராஜுவிட்டியும் போச்சு என்று பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். நிறுவனத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தியது, ரகளை, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற காரணங்களுக்காக நீக்கினால்தான் அதைப் பிடிக்க முடியும். நஷ்டம் என்றால் அந்த நஷ்டத்தின் அளவுக்கு மட்டுமே.