மியூசியத்துல யானைப் பல் ஃபாசிலை எப்படிப் பார்க்கணும்

மியூசியத்துல பழங்கால யானை எலும்பு வெச்சிருந்தா எல்லாரும் நேரா தந்தத்துகிட்ட போய் செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுறாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான். ஆனா விஷயம் பூரா ஓரமா கிடக்கிற கடைவாய்ப் பல்லுலதான் இருக்கு. உடம்புலயே கெட்டியானது பல்லோட மேல்பூச்சான எனாமல், எலும்பெல்லாம் மக்கிப் போன இடத்துலயும் பல்லு தப்பிச்சு நிக்கும்.

முதல்ல குனிஞ்சு பல்லோட மேல்பக்கத்தை, அதாவது மெல்லுற பக்கத்தைப் பாருங்க. குமிழ் குமிழா மேடு இருந்தா மாஸ்டடான் வகை, யானைக்குத் தூரத்துச் சொந்தமான அழிஞ்சுபோன மிருகம், அமெரிக்காவுல இருந்தது, இலை தழை குச்சின்னு நறுக்கித் தின்னது. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வரிசையா சரிவு சரிவா இருந்தா ஸ்டெகோடான், இதுவும் அழிஞ்சுபோன யானைச் சொந்தம்தான், பேருக்கே கூரைப்பல்லுன்னுதான் அர்த்தம், இமயமலை அடிவாரத்துல இருக்கிற நம்ம சிவாலிக் மலையில கிடைச்ச ஒண்ணுக்கு ஸ்டெகோடான் கணேசான்னே பேரு வெச்சுட்டாங்க. கொல்கத்தா இந்தியன் மியூசியம் போனீங்கன்னா சிவாலிக் ஃபாசில்களை விட்டுடாதீங்க.

பிரெட் ஸ்லைஸை நெருக்கி அடுக்கின மாதிரி மெல்லிசு மெல்லிசா தகடு இருந்தா மாமத், இல்லேன்னா இப்போ இருக்கிற யானையோட சொந்தக்காரங்க யாராவது. தகடை எண்ணிப் பாருங்க. கம்பளி மாமத்தோட கடைசிப் பல்லுல 20க்கு மேல இருக்கும், ஆப்பிரிக்க யானைக்கு அதுல பாதிதான் தேறும், அதுவும் டைமண்ட் ஷேப்ல. (நம்ம ஆசிய யானை ஆப்பிரிக்க யானையை விட மாமத்துக்குத்தான் நெருங்கின சொந்தம், இதைச் சொன்னா வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.)

எதுக்கு இத்தனை தகடு? அம்மி வழுவழுன்னு ஆனா ஆள் கூப்பிட்டு கொத்துவோம்ல, இந்தப் பல்லு தன்னைத்தானே கொத்திக்கிற அம்மி. எனாமல் கெட்டி, நடுவுல இருக்கிற டென்டினும் (பல்லோட உள்பகுதி) சிமென்டமும் (தகடுகளை ஒட்ட வைக்கிற பூச்சு) சாஃப்ட், சாஃப்ட்டானது சீக்கிரம் தேய எனாமல் வரப்பு மாதிரி தூக்கியே நிக்கும், புல்லை அரைக்க அது போதும். புல்லுல சிலிக்கா இருக்கு, மண்ணும் ஒட்டிட்டு வரும், ரெண்டும் பல்லைத் தேய்ச்சுத் தள்ளிடும். அதனால அடுத்து பக்கவாட்டுல நின்னு பல்லோட உயரத்தைப் பாருங்க. குட்டைன்னா பெரும்பாலும் இலை, நெட்டைன்னா புல்லு. குதிரையும் இதே கதைதான், காட்டுல இலை தின்ன ஆதிக் குதிரைக்கு குட்டைப் பல்லு, புல்வெளிக்கு வந்தவங்களுக்கு நெட்டை.

ஆனா உயரத்தை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்லிடாதீங்க, புல்லைத் தின்னுச்சா இலையைத் தின்னுச்சான்னு உறுதி பண்ண எனாமல்ல இருக்கிற கார்பன் ஐசோடோப்பை (எடை மட்டும் வேறான கார்பன் அணு வகைகளை) லேப்ல பார்ப்பாங்க, ஏன்னா வெப்பமான புல்வெளிப் புல்லும் மரத்து இலையும் வேற வேற கார்பன் முத்திரை விட்டுட்டுப் போகும்.

கடைசியா தேய்மானம். யானைக்கு மேல கீழ, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இடத்துலயும் வாழ்நாளுக்கு ஆறு பல்லுதான், பின்னாடியிருந்து முன்னாடி கன்வேயர் பெல்ட் மாதிரி நகர்ந்து வரும், முன்னாடி தேஞ்சது உடைஞ்சு விழும். அதனால எத்தனாவது பல்லு, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்த்தாலே செத்தப்போ என்ன வயசுன்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம். ஆறாவது பல்லு வரப்பே இல்லாம மொழுக்குன்னு இருந்தா அது 60 வயசை ஒட்டின கிழம், மெல்ல முடியாமயே போயிருக்கும்.

ஃபோட்டோ எடுத்தா ஃப்ளாஷ் வேண்டாம், கண்ணாடியில பளிச்சுன்னு அடிச்சு வரப்பெல்லாம் மறைஞ்சிடும், வெளிச்சம் சைடுல இருந்து விழுற கோணமா பார்த்து மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துக்கோங்க.