ஆர்.வி. டீலரின் சோதனைக் கட்டணம்: கையெழுத்துக்கு முன் செய்யவேண்டியவை

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் சக்கர வீட்டை வாங்கப் போகும் ஒருவர், டீலரின் முற்றத்தில் நிற்கும், இழுத்துச் செல்லும் டிரெய்லரையோ தானே ஓடும் மோட்டார் ஹோமையோ பார்த்து, பிடித்துப்போய், விலையும் பேசி முடித்த பிறகுதான் பெரும்பாலும் பி.டி.ஐ. என்ற மூன்றெழுத்தை முதன்முதலாகக் காண்கிறார். வண்டியை ஒப்படைப்பதற்கு முன் டீலர் செய்யவேண்டிய சோதனைக்கு அந்தப் பெயர். பேசிய விலைக்குக் கீழே தனி வரியாக, சில நூறு டாலரிலிருந்து இரண்டாயிரம் டாலருக்கு மேல் வரையிலும் இது சேர்க்கப்படுவதுண்டு. சில இடங்களில் இது ‘பிரெப்’ கட்டணம் என்ற பெயரில் வரும். வேறு சில இடங்களில் பாட்டரி, கேஸ் நிரப்புதல், வண்டியை விளக்கிக் காட்டுதல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதிவிடுவார்கள். இந்தக் கட்டணத்தை எப்படி அணுகுவது என்பதையும், அதைவிட முக்கியமாக, அந்தச் சோதனை உண்மையாகவே நடந்ததா என்று எப்படி உறுதிசெய்துகொள்வது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆர்.வி.யைக் காரைப் போல நினைப்பதில்தான் பலருடைய தவறு தொடங்குகிறது. தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், 12 வோல்ட் மின்சாரம், 120 வோல்ட் மின்சாரம், கழிவுத் தொட்டி, குளிர்சாதனம் அனைத்தும் ஒரு சிறு கூட்டுக்குள் அடைபட்டு, நெடுஞ்சாலையில் குலுங்கிக்கொண்டே போகும் வீடு அது. நாட்டின் பெரும்பாலான ஆர்.வி.க்கள் இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில், பெரும்பகுதி கைவேலையாக, வேகமாகக் கட்டப்படுகின்றன. அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கோ ஃபுளோரிடாவுக்கோ சாலை வழியாகவே இழுத்துவரப்படும் வண்டியில் திருகு தளர்வதும் குழாய் இணைப்பு கசிவதும் அரிதல்ல. கதவருகே ஒட்டியிருக்கும், ஆர்.வி.ஐ.ஏ. என்ற ஆர்.வி. தொழில் சங்கத்தின் முத்திரையை விற்பனையாளர் சுட்டிக்காட்டுவார். என்.எஃப்.பி.ஏ. 1192 போன்ற பாதுகாப்புத் தரங்களின்படி வண்டியைக் கட்டியிருப்பதாக உற்பத்தியாளர் தாமே அளிக்கும் உறுதி அது. சங்கத்தின் ஆய்வாளர்கள் தொழிற்சாலைகளுக்கு முன்னறிவிப்பின்றிச் செல்வார்கள் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் வண்டியை யாரோ ஒருவர் தனியாகச் சோதித்தார் என்று அந்த முத்திரைக்குப் பொருள் இல்லை. ஆகவே ஒப்படைப்புக்கு முந்தைய சோதனை அவசியமானது. அதைச் செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் பொதுவாக டீலர் ஒப்பந்தத்திலேயே டீலர்மீது வைத்திருக்கிறார்கள். விற்கத் தகுந்த நிலையில் பொருளைத் தருவதற்கான செலவு விலைக்குள் அடங்கவேண்டியது. அதை வாங்குபவரிடம் தனியாகக் கேட்பது முறையல்ல என்பதே என் கருத்து.

ஆனாலும் அந்த வரியை நீக்கச் சொல்லி வாதாடுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஆயிரம் டாலர் கட்டணத்தை நீக்கிவிட்டு வண்டியின் விலையில் ஆயிரத்தைக் கூட்டிவிடுவது டீலருக்கு ஒரு நிமிட வேலை. நீங்கள் கேட்கவேண்டியது ‘அவுட் தி டோர்’ விலை: வண்டி, கொண்டுவரும் செலவு, சோதனைக் கட்டணம், ஆவணக் கட்டணம், வரி, பதிவு அனைத்தும் அடங்கிய ஒரே தொகை. டீலரிடம் நேரில் போவதற்கு முன்பே, வண்டிக்கு டீலர் இட்டிருக்கும் ஸ்டாக் எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் தொகையை ஒவ்வொரு இனமும் தனித்தனியாகத் தெரியும்படி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அதே மாடலுக்கு இரண்டு மூன்று டீலர்களிடம் இப்படி வாங்கிவிட்டால், குறைந்த விலை காட்டியவர் கட்டணங்களில் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். ‘நேரில் வாருங்கள், எல்லாம் பேசிக்கொள்ளலாம்’ என்று மட்டும் பதில் சொல்லும் டீலரை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

இவ்வளவு கவனம் தேவைப்படுவதற்குச் சட்டம் சார்ந்த காரணமும் உண்டு. புதிய கார்களின் கண்ணாடியில் விலைச் சீட்டு ஒட்டவேண்டும் என்ற 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஆர்.வி. டிரெய்லர்களைக் கட்டுப்படுத்துவதில்லை, அதனால் கொண்டுவரும் செலவு எம்.எஸ்.ஆர்.பி. எனப்படும், உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலைக்குள் அடங்கியதா, வெளியே இருக்கிறதா என்பதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். வாகன டீலர்களின் மறைமுகக் கட்டணங்களைக் கட்டுப்படுத்த மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் அறிவித்த விதி, மோட்டார் ஹோம்களையும் ஆர்.வி. டிரெய்லர்களையும் தொடக்கத்திலேயே விலக்கி வைத்திருந்தது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்துவிட்டது. ஆவணக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் அதற்கு 85 டாலர் உச்சவரம்பு இருக்க, ஃபுளோரிடாவில் வரம்பே கிடையாது.

எம்.எஸ்.ஆர்.பி.யிலிருந்து கிடைக்கும் தள்ளுபடியைக் கண்டும் மயங்கவேண்டாம். இழுவை டிரெய்லர்களில் அந்த விலை பெரும்பாலும் குறைப்பதற்காகவே உயர்த்தி வைக்கப்பட்டது. 25 சதவீதம் குறைத்தோம் என்பது தானாகவே நல்ல விலை ஆகிவிடாது. வேறு டீலர்கள் அதே மாடலை என்ன விலைக்கு விளம்பரம் செய்கிறார்கள் என்பதே சரியான அளவுகோல்.

சோதனையை உங்கள் கைக்குக் கொண்டுவருதல்

கட்டணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மூன்று விஷயங்களை எழுத்தில் பெறுங்கள். முதலாவது, டீலரின் தொழில்நுட்பப் பணியாளர் பூர்த்திசெய்து கையெழுத்திட்ட பி.டி.ஐ. பட்டியலின் நகல். இரண்டாவது, முன்பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்பதும், சோதனையில் நீங்கள் மனநிறைவு அடைந்தால்தான் விற்பனை முடியும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கவேண்டும். மூன்றாவது, நீங்களோ நீங்கள் அழைத்துவரும் ஆய்வாளரோ, தண்ணீர், மின்சாரம், கேஸ் மூன்றும் இணைக்கப்பட்ட நிலையில் வண்டியைப் பல மணி நேரம் சோதிக்க அனுமதி. என்.ஆர்.வி.ஐ.ஏ. என்ற சங்கத்தின் சான்று பெற்ற சுயேச்சையான ஆய்வாளர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். வண்டியின் வகையைப் பொறுத்துச் சில நூறு டாலர் முதல் ஆயிரத்துக்கு மேலும் கேட்பார்கள். டீலருக்குக் கொடுக்கும் சோதனைக் கட்டணத்தைவிட இது எவ்வளவோ பயனுள்ள செலவு, ஏனென்றால் இவருக்கு அந்த வண்டியை விற்கவேண்டிய கட்டாயம் இல்லை. வெளி ஆய்வாளரை உள்ளே விடமாட்டோம் என்று ஒரு டீலர் சொன்னால், அந்த இடத்தை விட்டு வந்துவிடுவதே நல்லது.

டீலர் தரும் ஒரு மணி நேர ‘வாக்த்ரூ’வைச் சோதனை என்று எண்ணிவிடாதீர்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டுவது மட்டுமே அதன் வேலை. சோதனையை நீங்களே செய்வதானால் அரை நாளாவது ஒதுக்குங்கள். கேஸில் இயங்கும் உறிஞ்சுமுறைக் குளிர்ப்பெட்டி குளிர்வதற்குப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், முந்தைய மாலையே அதை ஓடவிடும்படி டீலரிடம் சொல்லிவிட்டு, காலையில் ஒரு வெப்பமானியோடு போங்கள்.

முதலில் கூரைமீது ஏறுங்கள், அல்லது ஏணியில் நின்று பாருங்கள். ஆர்.வி.யைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். அது நுழைவதும் பெரும்பாலும் கூரையில் துளையிட்டு வைத்த கருவிகளைச் சுற்றியுள்ள சீலன்ட்டில் விடும் விரிசல் வழியாகத்தான். பக்கச் சுவர்களை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் குமிழ் போல உப்பியிருந்தால் உள்ளே ஈரம் புகுந்து ஒட்டு விட்டுப்போயிருக்கலாம். உள்ளே மேல் அலமாரிகளின் மூலைகள், ஜன்னலின் அடிப்பகுதி, ஸ்லைட் (வெளியே நீட்டி விரிக்கும் அறைப்பகுதி) ஓரத்துத் தரை ஆகியவற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். மலிவான ஈரமானி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து நன்னீர்த் தொட்டியை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, எல்லாக் குழாய்களையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். குழாய்கள் மூடியிருக்கும்போது பம்ப் நின்றுவிடவேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானாக உறுமினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது ஒரு வால்வு சரியில்லை. சிங்கின் அடியிலும் வெந்நீர்க் கலனின் பின்புறத்திலும் உலர்ந்த காகிதத்தை வைத்து, அரை மணி கழித்துப் பாருங்கள். வெந்நீர்க் கலனைக் கேஸிலும் மின்சாரத்திலும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கவேண்டும். ஹீட்டரைக் கோடையானாலும் ஓட்டுங்கள், ஏ.சி.யைக் குளிர்காலமானாலும் ஓட்டச் சொல்லுங்கள். கேஸ் குழாயில் அழுத்தம் குறைகிறதா என்று அளக்கும் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்யும்படி கேளுங்கள். உறங்கும் இடத்தில் கேஸ் கசிவது உயிரோடு விளையாடும் விஷயம். ஸ்லைட்டுகளையும் வெளிக்கூரைத் துணியையும் மூன்று நான்கு முறை விரித்து மடக்குங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது எந்த வாரம், எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். 1423 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். டயரின் வயதிலிருந்து வண்டி எவ்வளவு காலமாக முற்றத்தில் நிற்கிறது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். வின் எனப்படும் வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று தேடுங்கள்.

கண்ட குறைகள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து எண்ணிட்டு எழுதுங்கள். ‘இன்று எடுத்துப் போங்கள், அடுத்த வாரம் கொண்டுவாருங்கள், வாரன்ட்டியில் சரிசெய்கிறோம்’ என்பது இந்தத் தொழிலில் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம். அதை ஏற்காதீர்கள். உதிரிபாகம் வரவேண்டும் என்று சொல்லிச் சர்வீஸ் முற்றத்தில் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட நின்ற வண்டிகள் உண்டு. கையெழுத்து ஆகும் வரைதான் உங்கள் குறைகளை உடனே சரிசெய்யும் அவசரம் டீலருக்கு இருக்கும். பழுதான வண்டியை வாங்கியவரைக் காக்கும் பல மாநிலங்களின் லெமன் சட்டங்களும் முழுமையாகத் துணைக்கு வருவதில்லை: கலிஃபோர்னியாவில்கூட அந்தச் சட்டத்தின் வாகனப் பாதுகாப்பு, மோட்டார் ஹோமை ஓடவைக்கும் பகுதிக்கே உரியது; மனிதர் வசிக்கும் பகுதி அதில் சேராது.

விற்பனை மேசையில்

ஹெர்ஷியிலும் டாம்பாவிலும் நடப்பவை போன்ற பெரிய ஆர்.வி. கண்காட்சிகளில் ‘இந்த விலை இன்றைக்கு மட்டும்’ என்பார்கள். மூன்று நாளில் ரத்து செய்துகொள்ளலாம் என்று நம்பிக் கையெழுத்திடுபவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் அந்த மூன்று நாள் விதி, வேறிடத்தில் நிரந்தரக் கடை வைத்திருக்கும் வியாபாரி தற்காலிக இடத்தில் விற்கும் மோட்டார் வாகனத்துக்குப் பொருந்தாது. டீலரின் கடையிலேயே வாங்கியதற்கும் பொருந்தாது. கண்காட்சிக்குப் போய் வண்டிகளின் உள்ளமைப்பு வரைபடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள், படுக்கையில் படுத்துப் பாருங்கள். கையெழுத்தை மட்டும் வீட்டுக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

‘உங்கள் டிரக் இதைத் தாராளமாக இழுக்கும்’ என்ற வார்த்தையை நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் அதில் நஷ்டப்படுவது பணம் மட்டும் அல்ல. விளம்பரத்தில் உள்ள இழுவைத் திறனை விட்டுவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் ஆட்களும் சாமான்களும் கொக்கியும் சேர்ந்து டிரக் தாங்கக்கூடிய சுமை 1,500 பவுண்டு என்று இருக்கிறது, நீங்கள் பார்க்கும் டிரெய்லர் சாமான்களோடு 8,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமரும்; சுமார் 1,000 பவுண்டு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 600 பவுண்டு என்றால், ஒரு பையைக்கூட ஏற்றுவதற்கு முன்பே வரம்பைக் கடந்துவிட்டீர்கள். டிரெய்லருக்குள்ளும் கதவருகே ஒரு மஞ்சள் சீட்டு, எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று சொல்லும். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 50 காலன் தொட்டி நிரம்பினால் 415 பவுண்டு என்பதை அதிலிருந்து கழித்துப் பாருங்கள்.

விலை முடிந்ததும் உங்களை ஃபைனான்ஸ் அறைக்கு அழைத்துப் போவார்கள். ‘மாதம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்லவே கூடாது. 60,000 டாலரை 8 சதவீத வட்டியில் பத்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 728 டாலர், மொத்த வட்டி 27,000 டாலருக்குச் சற்று அதிகம். அதையே இருபதாண்டுக்கு நீட்டினால் தவணை 502 டாலராகக் குறைந்து இனிப்பாகத் தெரியும். வட்டியோ 60,000 டாலரைத் தாண்டி, கடன் தொகைக்கே சமமாகிவிடும். ‘மாதம் இருபது டாலர்தான் கூடும்’ என்று சொல்லி விற்கும் துணிப் பாதுகாப்புப் பூச்சும் டயர் திட்டமும் இருபதாண்டில் 4,800 டாலர். வங்கி தரும் வட்டிக்கு மேல் டீலர் தமக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லவும் வழி இருப்பதால், கிரெடிட் யூனியன் எனப்படும் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் முன்கூட்டியே கடன் அனுமதி பெற்றுக்கொண்டு போங்கள். நீட்டித்த வாரன்ட்டியை அங்கேயே முடிவு செய்யவேண்டியதில்லை. ஒப்பந்த நகலை வாங்கிவந்து, எவையெல்லாம் அதில் அடங்காது என்ற பக்கத்தை வீட்டில் படியுங்கள். பழைய வண்டியை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால், புதியதன் விலை எழுத்தில் வந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.

ஒப்படைக்கும் நாளில், நிலுவையில் உள்ள வேலைகள் அனைத்தும் ‘வீ ஓ’ (நாங்கள் செய்துதர வேண்டியவை) எனப்படும் தாளில், முடிக்கவேண்டிய தேதியோடும் மேலாளரின் கையெழுத்தோடும் இருக்கவேண்டும். ‘டீலர் பார்த்துக்கொள்வார்’ என்ற வாய்மொழியை ஒப்பந்தத்தின் ஒரு வரி அடித்துவிடும். வண்டியை எடுத்ததும் நீண்ட பயணம் கிளம்பாமல், முதல் இரண்டு இரவுகளை டீலரின் இடத்துக்கு அருகிலுள்ள முகாமில் கழியுங்கள். எல்லாக் கருவிகளையும் பயன்படுத்தி, சமைத்து, குளித்து, ஒரு மழையும் கிடைத்தால் கூரையைக் கவனித்து, கண்டவற்றைத் திங்கட்கிழமை காலையிலேயே மின்னஞ்சலில் டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.