வீட்டு ஸ்டவுட்டில் வெனிலா சேர்ப்பது எப்படி?

மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கிட் வைத்து ஓரிரு தடவை பீர் காய்ச்சிப் பழகியவர்கள் அடுத்துச் செய்து பார்க்க வெனிலா ஸ்டவுட் அருமையான தேர்வு. ஸ்டவுட் என்பது வறுத்த மால்ட் சேர்த்துச் செய்யும் கரிய பீர். கீழே உள்ள அளவுகள் 10 லிட்டருக்கானவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறைக்கு அதுதான் தோது. சிங்கப்பூரில் 18 வயது ஆனவர்கள் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு, விற்கவே கூடாது.

முதலில் ஸ்டவுட்

வெனிலாவுக்கு இனிப்பு கிடையாது. நாம் அதை எப்போதும் ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் சாப்பிடுவதால் இனிப்பாக இருப்பதுபோல் தோன்றுகிறது. அதனால் வறண்ட, கடுங்கசப்பான ஸ்டவுட்டில் சேர்த்தால் ஒட்டாமல் தனித்து நிற்கும். சாக்லேட் மால்ட்டும் (சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்த மால்ட்) கொஞ்சம் ஓட்ஸும் போட்டுக் காய்ச்சிய கனமான ஸ்டவுட்தான் பொருத்தம். கொதிக்கவைக்கும்போது கடைசிப் பத்து நிமிடத்தில் 200 கிராம் லாக்டோஸ் (பால் சர்க்கரை) சேர்க்கலாம். பீர் ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது, இனிப்பு அப்படியே தங்கும். பால் ஒத்துக்கொள்ளாத நண்பர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நம் ஊர் வெப்பம்தான் பெரிய சவால். ஸ்டவுட்டுக்குப் போடும் சாதாரண ஏல் ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் வேலை செய்ய வேண்டும். 30 டிகிரியில் விட்டால் நெயில்பாலிஷ் போன்ற வாடை வரும், அதற்குமேல் எத்தனை வெனிலா போட்டாலும் மறையாது. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய பழைய ஃபிரிட்ஜ் நல்லது. அதற்கு இடமில்லையென்றால் நார்வேயின் குவைக் ஈஸ்டை வாங்குங்கள். நம் அறை வெப்பம் அதற்கு உகந்தது.

காய் வாங்குவது

மளிகைக் கடையில் கிடைக்கும் செயற்கை எசன்ஸ் வேண்டாம். அதில் பெரும்பாலும் வெனிலின் என்ற ஒரே பொருள்தான் இருக்கும். உண்மையான வெனிலாக் காயில் வெனிலினோடு இன்னும் பல மணப்பொருட்கள் உண்டு. ஸ்டவுட்டின் வறுத்த வாசனையோடு சேர்ந்து போவது அவைதான். விலை அதிகம்தான், ஆனால் 10 லிட்டருக்கு இரண்டு காய் போதும். ஃபூன் ஹுவாட் போன்ற பேக்கிங் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நல்ல காய் எண்ணெய்ப் பளபளப்போடு கருப்பாக இருக்கும், வளைத்தால் ஒடியாது. மேலே ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் மின்னினால் பயப்பட வேண்டாம், அது வெனிலின். பஞ்சுபோல் படர்ந்திருந்தால் பூஞ்சை, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஊறவைப்பது

காய்களை நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் கரிய விதைகளைக் கத்தி முனையால் வழித்தெடுங்கள். தோலைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். இரண்டையும் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு 60 மில்லி ஓட்கா ஊற்றி மூடுங்கள். வெனிலின் தண்ணீரைவிட ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். 40 சதவீத ஓட்காவில் ஊறுவதால் காயில் ஒட்டியிருக்கும் கிருமிகளைப் பற்றிய கவலையும் குறையும். இருட்டான அலமாரியில் ஒரு வாரம் வையுங்கள், தினமும் ஒருமுறை குலுக்குங்கள். இங்கே நம் ஊர் வெப்பம் உதவிக்கு வரும், ஃபிரிட்ஜ் தேவையில்லை. பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், வடிந்து வருவதுதான் வெனிலாச் சாறு. மிஞ்சிய தோலைக் காயவைத்துச் சர்க்கரை டப்பாவில் போட்டால் அதுவும் மணக்கும்.

எவ்வளவு ஊற்றுவது?

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஒவ்வொரு காயின் வீரியமும் வேறு. வெனிலா ரசத்தில் பெருங்காயம் மாதிரி, ஒரு துளி கூடிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

நொதித்தல் முழுதாக முடிந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஒரே எண்ணைக் காட்டினால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கொதிக்கும்போதோ நொதிக்கும்போதோ சேர்த்தால் ஆவியோடும் வாயுவோடும் மணம் வெளியேறிவிடும்.

ஐந்து டம்ளர்களில் 100 மில்லி ஸ்டவுட் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்ச் வாங்கி, நான்கு டம்ளர்களில் முறையே 0.1, 0.2, 0.3, 0.4 மில்லி வெனிலாச் சாறு விடுங்கள். ஐந்தாவது அப்படியே இருக்கட்டும். எது எது என்று சொல்லாமல் வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். முகர்ந்ததும் வெனிலா முந்திக்கொண்டு வந்தால் அது அதிகம். முதலில் வறுத்த மால்ட்டும் காப்பியும் தெரிந்து, விழுங்கிய பின் வெனிலா மெல்ல எழுந்தால் அதுதான் சரியான டம்ளர்.

இனிக் கணக்கு. 0.3 பிடித்திருந்தால் லிட்டருக்கு 3 மில்லி. வாளியில் மிஞ்சியிருப்பது 9 லிட்டர் என்றால் 27 மில்லி. இரண்டு டம்ளர்களுக்கு நடுவே தடுமாறினால், ஒரு மாதத்துக்குள் குடிக்கப் போகிறவர்கள் குறைந்ததை எடுங்கள். மாதக்கணக்கில் வைக்கப் போகிறவர்கள் கூடியதை எடுக்கலாம், வெனிலா மணம் நாளாக ஆக மங்கும்.

பாட்டிலில் அடைப்பது

பாட்டிலில் கேஸ் ஏறுவதற்காக லிட்டருக்கு 5 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் (ஒருவகைச் சர்க்கரை) கணக்கிட்டுக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய பிறகே வெனிலாச் சாற்றை அதோடு கலக்க வேண்டும், சூட்டில் ஊற்றினால் மணம் பறந்துவிடும். கிருமிநீக்கிய வாளியில் இதை ஊற்றி, அதன்மேல் ஸ்டவுட்டைக் குழாய் வழியே சலசலக்காமல் இறக்குங்கள். மெல்லக் கிண்டி, தடிமனான பீர் பாட்டில்களில் அடைத்து, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். நம் ஊரில் ஏறக்குறைய பத்து நாளில் கேஸ் ஏறிவிடும். ஒன்றைக் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் மீதியையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

ஐஸ் போலக் குளிர்ந்திருக்கும்போது குடித்தால் வெனிலா தெரியாது. வெளியே எடுத்துப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். அப்போதும் வெனிலா தூக்கலாகப்பட்டால், வெனிலா சேர்க்காத ஸ்டவுட் ஒன்றைத் திறந்து டம்ளரிலேயே பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம்.