நவமி இரவில் கிளேவியஸ்: நிலாவின் தென்பக்கப் பெரும்பள்ளத்தை நீங்களே தேடிப் பார்ப்பது எப்படி?

டெலஸ்கோப் வாங்கிய கையோடு பௌர்ணமி நிலாவைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று அதை மூலையில் வைத்துவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த நாள்தான் தப்பு. பௌர்ணமியன்று வெயில் நிலாவின் முகத்தில் நேராக விழுகிறது, நிழல் என்று ஒன்றும் இருக்காது, நிழல் இல்லாமல் மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. சுமார் 225 கி.மீ. அகலமுள்ள கிளேவியஸ்கூட அன்றைக்குத் தேடினால் சிக்காது. மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் நேர்கோடு போட்டால் வருகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் அது!

நிலாவின் தென் துருவத்தை நோக்கிப் போகும் வழியில், 58 பாகை தெற்கில் இருக்கிறது இந்தப் பள்ளம். இதுவரை நிலாவை டெலஸ்கோப்பில் பார்த்ததே இல்லை என்றாலும், கீழே சொல்கிறபடி செய்தால் ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படி: நாள் பார்ப்பது

வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் போதும். வளர்பிறை நவமி எப்போது என்று பாருங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கி வைக்கிற நவமிதான் கிளேவியஸுக்கு முகூர்த்தம், ஏனென்றால் அந்தப் பள்ளத்தில் சூரியன் உதிப்பது அப்போதுதான். ஒரே ஒரு கவனம்: காலண்டரில் 'நவமி மாலை 4.10 வரை' என்று போட்டிருந்தால், அன்று இரவு நீங்கள் பார்ப்பது தசமி நிலா. அப்படியானால் முந்தின நாள் மாலையே மாடிக்குப் போய்விடுங்கள். சில மாதம் அரை நாள் முன்பின் ஆகலாம், அதனால் அஷ்டமியிலிருந்தே பார்க்க ஆரம்பிப்பது நல்லது.

இரண்டாம் படி: கருவி

முன்பக்க லென்ஸ் 70 மி.மீ. அகலமுள்ள டெலஸ்கோப் தாராளம். பெரும்பாலும் அதனோடு 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ், வரும். குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ. என்றால் முதலாவதில் 28 மடங்கும் அடுத்ததில் 70 மடங்கும் பெரிதாகத் தெரியும். 28-இல் தேடுங்கள், 70-இல் ரசியுங்கள். பைனாகுலர் மட்டும்தான் இருக்கிறதா? 10 மடங்கு பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் ஊன்றிப் பிடித்தால் பள்ளம் தெரியும், உள்ளே இருக்கும் குட்டிப் பள்ளங்கள் தெரியாது.

குறைந்த விலை ட்ரைபாட் காற்றடித்தாலே ஆடும். அதன் நடுவில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள், ஆட்டம் நன்றாகக் குறையும். பகல் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடித் தளம் ராத்திரியிலும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், நிலா தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளியும். நான் சாயங்காலமே இரண்டு வாளி தண்ணீர் தெளித்துவிடுவேன்.

மூன்றாம் படி: நிலாவில் தெற்கு எது?

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நவமி நிலா ஏழு ஏழரை மணி வாக்கில் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். தெற்குப் பார்த்து நின்று அண்ணாந்து பாருங்கள். தெற்கு அடிவானத்தை நோக்கியிருக்கும் விளிம்புதான் நிலாவின் தெற்கு. வலப்பக்கம் வெளிச்சம், இடப்பக்கம் இருட்டு. நேரம் ஆக ஆக நிலா மேற்கே சாயும், அதைப் பார்த்தபடி நீங்களும் திரும்பும்போது அந்தத் தென்விளிம்பு மெல்ல இடக்கைப் பக்கம் வரும். கண்ணாடி வைத்த நியூட்டன் வகை டெலஸ்கோப் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும், முன்னால் லென்ஸ் உள்ள வகையில், ஒளியை ஐபீஸ் பக்கம் திருப்பிவிடும் சாய்வுக் கண்ணாடி மாட்டியிருந்தால் இடவலம் மாறும். அதனால் முதலில் வெறுங்கண்ணால் தெற்கை மனதில் குறித்துக்கொண்டு, அப்புறம் ஐபீஸுக்குக் கண்ணைக் கொடுங்கள்.

நான்காம் படி: டைக்கோவிலிருந்து இறங்குவது

ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு தெற்கே வாருங்கள். கூர்மையான சுவர்களும் நடுவில் ஒரு சிகரமுமாக, புதிதாகத் தோண்டியதுபோல ஒரு பள்ளம் வரும். 85 கி.மீ. அகலமுள்ள டைக்கோ அது. அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் விளிம்பெல்லாம் சிதைந்துபோன கிழட்டுப் பள்ளம் ஒன்று, மஜினஸ். அதற்கும் கீழே, இதென்ன இவ்வளவு பெரிதாக என்று கண் தானாகவே நின்றுவிடும். அதுதான் கிளேவியஸ். விளிம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் வட்டமாகத் தெரியாமல் முட்டை வடிவில் நசுங்கித் தெரியும்.

ஐந்தாம் படி: அவசரப்படாமல் உள்ளே பார்ப்பது

70 மடங்கு ஐபீஸை இப்போது மாட்டுங்கள். சரியான நேரத்தில் பிடித்திருந்தால் பள்ளத்தின் தளம் முழுக்கக் கறுப்பாக இருக்கும், அந்தக் கறுப்புக்கு நடுவே இரண்டு சிறு ஒளி வளையங்கள் மட்டும் மிதக்கும். கிளேவியஸுக்குள்ளே இருக்கும் சி, டி என்ற குட்டிப் பள்ளங்களின் விளிம்புகள் அவை. தளத்துக்கு வெயில் வரும் முன்பே உயரமான விளிம்பில் வெயில் பட்டுவிடுகிறது. நிலா பார்ப்பவர்கள் இதைக் கிளேவியஸின் கண்கள் என்பார்கள். கண்ணை எடுக்காமல் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு வளையம் தடித்திருக்கும், இல்லாத இடத்தில் புதிதாக ஒரு புள்ளி முளைத்திருக்கும். அந்த அகலாங்கில் விடியல் மணிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறது, நாம் மெதுவாக ஓடுகிற வேகம். பள்ளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக அதற்கு ஒரு நாளுக்கும் மேலாகிறது. இன்னொரு உலகத்தின் சூரியோதயத்தை நம் வீட்டு மாடியில் நின்று நேரடியாகப் பார்க்கிறோம் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

மறுநாள் தசமியன்று மறக்காமல் திரும்பவும் வாருங்கள். நேற்றைய கறுப்பு போய்த் தளம் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடக்கும். தெற்கு கீழே இருக்கும்படி பார்த்தால், கீழ்வலச் சுவரில் ரதர்ஃபர்ட் என்ற பள்ளம். அதிலிருந்து டி, சி, என், ஜே என்று ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே, மேலே ஏறி இடப்பக்கம் வளையும் ஒரு வரிசை. ஜே வெறும் 12 கி.மீ. தான், அது தெளிவாகத் தெரிந்தால் உங்கள் டெலஸ்கோப்பும் அன்றைய வானமும் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எது மூத்தது எது இளையது என்பதையும் இங்கேயே படித்துவிடலாம்: ரதர்ஃபர்ட் கிளேவியஸின் சுவரை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஆகவே பின்னால் வந்தது.

வடகிழக்குச் சுவரில் இருப்பது போர்ட்டர். சாதாரண மக்களுக்குத் தங்கள் கையாலேயே டெலஸ்கோப் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொடுத்த ரஸ்ஸல் போர்ட்டரின் பெயர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கிளேவியஸ் யார் என்றால், 1582-இல் வந்த கிரிகோரியன் நாட்காட்டிக்குக் கணக்குப் போட்ட ஜெர்மானிய ஏசுசபைத் துறவி. 1611-இல் கலிலியோ கண்டவற்றைச் சரிபார்த்த குழுவில் இருந்தவர். ஆனாலும் நிலாவில் மேடுபள்ளம் இருக்கிறது என்பதை அவர் ஏற்கவில்லை, நிலாவின் அடர்த்திதான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று நினைத்தார். 1651-இல் ரிச்சியோலி என்ற இத்தாலிய வானியலாளர் நிலாவின் பள்ளங்களுக்குப் பெயர் சூட்டியபோது கிளேவியஸுக்குக் கிடைத்ததோ இத்தனை பெரிய பள்ளம்.

இன்னொரு விஷயம். சுவர்கள் சுமார் 3.5 கி.மீ. உயரம், ஆனால் நீங்கள் தளத்தின் நடுவில் போய் நின்றால் அவை உங்கள் கண்ணில் படுவதே கஷ்டம். நிலா சின்ன உருண்டை, தரை சீக்கிரமே வளைந்து இறங்கிவிடும், 110 கி.மீ. தள்ளி இருக்கும் சுவர் அடிவானத்துக்குக் கீழே ஏறக்குறைய மறைந்துவிடும். பள்ளத்துக்குள் நிற்கிறோம் என்பதே தெரியாது.

2020 அக்டோபரில் சோஃபியா என்ற பறக்கும் தொலைநோக்கி, ஒரு போயிங் 747 விமானத்தில் பொருத்தியது, நீர் மூலக்கூறுகளைக் கண்டதாக நாசா அறிவித்ததும் இதே கிளேவியஸில்தான். அதுவும் வெயில் படும் தரையில். ஒரு கனமீட்டர் மண்ணுக்குச் சுமார் 350 மி.லி., அவ்வளவுதான், சகாரா பாலைவனத்து மண்ணில் இதைப்போல நூறு மடங்கு ஈரம் உண்டு. சந்திரயான்-1 2009-இலேயே நீரின் தடயத்தைக் காட்டியிருந்தது, ஆனால் அது ஹைட்ராக்சிலா (ஓர் ஆக்சிஜனோடு ஒரே ஒரு ஹைட்ரஜன் சேர்ந்தது) நீரேதானா என்று அந்த அளவீட்டில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னும் தெற்கே போகலாமா?

கிளேவியஸுக்குக் கீழே, நடுவில் கம்பீரமான சிகரத்தோடு மொரேட்டஸ் என்ற பள்ளம் இருக்கிறது, 70 பாகை தெற்கு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது 69 பாகையில், அதாவது மொரேட்டஸ் அளவுக்குத் தெற்கே, வலப்பக்கமாகத் தள்ளி. அந்த இடம் விளிம்புக்கு எவ்வளவு பக்கம் என்பதை மொரேட்டஸை வைத்துக் கண்ணாலேயே அளந்துகொள்ளலாம். அதற்கும் அப்பால் துருவத்திலேயே இருக்கும் ஷாக்கிள்டன் என்ற பள்ளத்தின் தளத்தில் வெயிலே விழுவதில்லை, நம் டெலஸ்கோப்புக்கு அது எட்டாது. நிலா லேசாகத் தலையாட்டும் என்பதால் சில மாதங்களில் தென்விளிம்பு நம் பக்கம் சாய்ந்து, இந்தப் பகுதியெல்லாம் கூடுதலாகத் திறந்து தெரியும்.

இரண்டு இரவும் ஒரு தாளில் வட்டம் போட்டு, எங்கே நிழல் எங்கே வெளிச்சம் என்று பென்சிலால் தீட்டி, பக்கத்தில் மணியை எழுதி வையுங்கள். படம் அழகாக வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அதே தாளைப் பத்திரமாக வைத்திருந்து, இரண்டு வாரம் கழித்துத் தேய்பிறை நவமியில் காலை நாலரை மணிக்கு மாடிக்குப் போங்கள். அப்போது கிளேவியஸில் சூரியன் மறைந்துகொண்டிருக்கும், நீங்கள் வரைந்து வைத்த நிழல்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும்.