ஜோனி மிட்செல் பாடல்களைக் கேட்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் பாடகி ஜோனி மிட்செல், சொந்த வாழ்க்கையை அப்படியே பாட்டாக்கியவர் என்று பெயர் பெற்றவர். 1971இல் வந்த ‘ப்ளூ’ ஆல்பத்தைக் கையில் எடுத்ததுமே பலர் செய்வது, எந்தப் பாட்டு எந்தக் காதலரைப் பற்றியது என்று துப்புத் துலக்குவது. பாடகர் கிரஹாம் நாஷ் பற்றியதா, பாடகர் ஜேம்ஸ் டெய்லர் பற்றியதா? அந்தத் தேடலில் பாட்டு நழுவிப்போகும்.

அதே ஆல்பத்தில் உள்ள ‘லிட்டில் க்ரீன்’ பாட்டைப் பாருங்கள். 1965இல் பெற்ற மகளை, வறுமையில், தனியாக வளர்க்க வழியில்லாமல் தத்துக் கொடுத்தார் ஜோனி. அவளுக்காக எழுதியதுதான் இது. வெளிவந்தபோது ரசிகர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. தாயும் மகளும் மீண்டும் சந்தித்ததே 1997இல்தான். இவ்வளவு அந்தரங்கமான பாட்டில் ‘நான்’ என்று அவர் ஓரிடத்திலும் சொல்வதில்லை. காகிதங்களில் கையெழுத்துப் போடுவதும், வருந்துவதும், ஆனால் வெட்கப்படாததும் ‘நீ’தான். தன்னையே எதிரில் நிறுத்திப் பேசுகிறார். என்னை உலுக்குவது அந்தத் தேர்வுதான்.

‘நான்’ என்று பாடினால் அது அவரேதான் என்று நம்புவதும் தவறு. ‘உட்ஸ்டாக்’ பாட்டில் அதே பெயர் கொண்ட இசை விழாவுக்குப் போகும் ஒருவரைச் சந்தித்த கதையை ‘நான்’ என்றே சொல்கிறார். 1969இல் நடந்த அந்த விழாவுக்கு அவர் போகவே இல்லை. நியூயார்க்கில் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்து எழுதினார்.

வரிகளிலேயே மூழ்கி கிட்டாரைக் கோட்டை விடாதீர்கள். ஒன்பது வயதில் வந்த போலியோ இடது கையைப் பலவீனமாக்கியதால், தந்திகளை வேறு வேறு சுருதிகளில் கூட்டி வாசித்தார். அப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட முறைகள். வழக்கமான ட்யூனிங்குக்கு எழுதிய கார்ட்ஸை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) வைத்து வாசித்துவிட்டு “அந்தச் சத்தம் வரவில்லையே” என்பவர்கள் முதலில் தந்திகளின் சுருதியை மாற்றிக் கூட்ட வேண்டும்.

‘ப்ளூ’வோடு நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. 1976இன் ‘ஹெஜிரா’வில், தனியாகக் கார் ஓட்டி அமெரிக்காவைக் கடந்த பயணத்தின் பாடல்கள் சிலவற்றில் ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட்லெஸ் பேஸ் (கழுத்தில் உலோகக் கட்டைகள் இல்லாத பேஸ் கிட்டார்) இன்னொரு குரலாகவே கூட வருகிறது. என் கணக்கில் அதுவே அவருடைய உச்சம்.

பிற்காலக் குரலைத் தேய்மானம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இருபதுகளில் எழுதிய ‘போத் சைட்ஸ் நவ்’ பாட்டை 2000இல் இசைக்குழுவோடு, கனத்து இறங்கிய குரலில் மறுபடி பாடினார். 1969 பதிவை முதலில், இதை அடுத்ததாகக் கேளுங்கள். 2015இல் மூளை ரத்தக்குழாய் வீக்கத்தால் பேச்சும் நடையும் பாதிக்கப்பட்டு மீண்ட பிறகு, 2022இல் நியூபோர்ட் இசை விழா மேடையிலும், 2024 கிராமி விழாவில் எண்பது வயதிலும் அவர் இதே பாட்டைப் பாடினார்.